மெட்டி விரலும் ஆர்க்கிட் வேரும்

கூடத்துத் தரையில் சிவப்பாக அடிகள் பதிந்திருந்தன. அன்று மாங்கனித் திருவிழா. காரைக்கால் தெருக்களெல்லாம் மிதிபட்ட மாம்பழமாகக் கிடந்த நாள். யாரோ காலைக் கழுவாமல் உள்ளே வந்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் ஏறியது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் இல்லையென்றால் என் வீட்டுக்காரர்.

"என்னங்க, காலக் கழுவிட்டு வரத் தெரியாதா? காலையிலதானே தொடச்சேன்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தூக்கிக் காட்டினார். சுத்தமாக இருந்தன. நான் நம்பவில்லை. துணியை நனைத்து வாசலிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன். அடிகள் கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் போய், தண்ணீர்க் குடத்தருகே கொஞ்சம் நின்று, திரும்பி வந்து, நான் நிற்கிற இடத்தில் முடிந்தன. துடைத்த இடத்திலெல்லாம் புதிதாகவும் விழுந்திருந்தன.

"விஜயா," என்றார் அவர், "ஒன் காலப் பாரு."

வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் ஒரு பாட்டில் சில்லு ஏறியிருந்தது. சட்டைப் பொத்தான் அகலம். அதோடு நான் சாமி பார்த்திருக்கிறேன், மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தை எட்டிப் பிடித்திருக்கிறேன், தலத்தெருவில் இருக்கும் வீடு வரை நடந்து வந்து தரையும் துடைத்திருக்கிறேன். வலிக்கவே இல்லை.

வலிக்காதது நல்லது என்று நினைத்தேன். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து, காலில் அடிபட்டு, வலிக்கவில்லை என்றால் தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சரி, ஓடாதீர்கள். ஆட்டோ பிடியுங்கள்.

நான் மஞ்சளை அப்பிக்கொண்டு மாவு மில்லைத் திறக்கப் போனேன்.

எங்கள் வீட்டின் முன்பகுதிதான் மில். கல்யாணமான நாளிலிருந்து அதில் நின்றுகொண்டிருக்கிறேன். மிளகாயை அரைத்துவிட்டுக் கழுவாமல் கேழ்வரகைக் கொட்டுகிற ஜாதி இல்லை நான். என் வாய்க்குப் பயந்தே சனம் வரிசையில் ஒழுங்காக நிற்கும். என் வீட்டுக்காரர் மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறி மின்சாரம் ஓடுகிற கம்பியைத் தொட்டவருக்கு என்னிடம் எதிர்த்துப் பேச மட்டும் தைரியம் வந்ததில்லை.

ஆடி பிறப்பதற்குள் விரல் பூவன் பழம் மாதிரி வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஓர் இளம் டாக்டரம்மா, அறுவைச் சிகிச்சை நிபுணர். என் மகள் வயதுகூட இருக்காது. கையில் மீன்வலை நரம்பு மாதிரி ஓர் இழையை எடுத்துக்கொண்டு, "கண்ண மூடிக்கங்கம்மா, காலுல தொடுவேன், தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். அதன் பெயர் மோனோஃபிலமெண்ட் (பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் இழை).

பரீட்சை என்றால் தோற்கக் கூடாது என்பது என் குணம். கண்ணை மூடிக்கொண்டு, "தெரியுது... இப்பவும் தெரியுது... இது பெருவிரலு" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"அம்மா, நான் இன்னும் தொடவே ஆரமிக்கலைங்க."

அப்படித்தான் எனக்கு நியூரோபதி (சர்க்கரை கூடிக்கூடி நரம்புகள் செத்துப்போய் உணர்ச்சி இல்லாமல் ஆவது) என்று தெரிந்தது. முட்டிக்குக் கீழே என் கால் எனக்குச் சொல்லாமலே எப்போதோ என்னைவிட்டுப் போயிருக்கிறது.

வீங்கிய விரலிலிருந்து மெட்டியை சிஸ்டர் சோப்பு போட்டு நெளித்துக் கழற்றினார். இடது காலில் இருந்ததையும் கழற்றச் சொன்னார்கள். உணர்ச்சி இல்லாத காலில் எதையும் மாட்டக் கூடாதாம், புண் வந்தாலும் தெரியாதாம். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்து, மருந்து வைத்துக் கட்டி, மாத்திரை கொடுத்து, "காலைத் தரையில ஊனாம இருங்க" என்று அனுப்பினார்கள்.

தரையில் ஊன்றாமல் எப்படி இருப்பது? என்னை வௌவால் என்று நினைத்தார்களா?

பெங்களூரில் இருக்கிற என் மகள் கவிதா, வேலையில் விடுப்பு கிடைக்காத குற்ற உணர்ச்சியில் ஒரு பெட்டியை அனுப்பினாள். திறந்தால் ஆர்க்கிட் செடி. நாலைந்து தடித்த இலை, வளைந்த ஒரு தண்டு, அதில் பட்டாம்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்ததுபோல ஊதாப்பூக்கள். சிறிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் மண் இல்லை. கரித்துண்டும் மட்டைத் துண்டும் இருந்தன. வேர் இரண்டு தொட்டிக்கு வெளியே அந்தரத்தில் தொங்கின.

"பூவப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்துரும்மா," என்றாள் போனில்.

"பூவப் பாத்தா சக்கரை கொறயுமாடி?"

"ஒன் வாயாச்சும் கொறயும்."

கொஞ்ச நாளில் பூக்கள் ஒவ்வொன்றாக வதங்கி உதிர்ந்தன. வெறும் குச்சி நின்றது. நான் என்ன நினைப்பேன்? செடி சாகிறது என்றுதான். மண்ணே இல்லாமல் குப்பையில் நட்டு அனுப்பியிருக்கிறான் கடைக்காரன் என்று அவனைத் திட்டிவிட்டு, விழிதியூரில் இருக்கும் என் தம்பி செல்வத்துக்குப் போன் போட்டேன்.

எங்கள் குடும்பம் கடைமடை விவசாயக் குடும்பம். காவிரி ஊரெல்லாம் சுற்றி மிச்சமாக வருகிற தண்ணீருக்குக் காத்துக் கிடந்து, வரவில்லை என்றால் சாலையில் உட்கார்ந்து மறித்த சனம். எங்களுக்கு ஒரு செடி வாடினால் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். வண்டல், தண்ணீர்.

வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருந்த நேரம். செல்வம் ஒரு சாக்கு நிறைய வண்டல் மண்ணை வண்டியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினான். கல்யாணச் சீர் இறக்குகிற முகம் அவனுக்கு.

"அக்கா, இந்த மண்ணுல கம்ப நட்டா கம்பு துளிர்க்கும். இந்தப் பூச்செடி எம்மாத்திரம்?"

கரித்துண்டையெல்லாம் உதறிக் கொட்டினோம். மண்தொட்டியில் வண்டலை அமுக்கி, தொங்கிக்கொண்டிருந்த வேர்களை உள்ளே திணித்து, நாற்றங்காலுக்கு விடுகிற மாதிரி தண்ணீர் கட்டினோம். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. நான் நொண்டிக்கொண்டே ஊற்றினேன். செய்து முடித்தபோது எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? யாரோ ஒருவருக்காவது என்னால் வைத்தியம் பார்க்க முடிகிறது என்று.

இதற்கிடையில் என் வைத்தியம் தோற்றுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். ஆஸ்டியோமைலைட்டிஸ் (எலும்புக்குள் சீழ் பிடிப்பது) என்றார். விரலை எடுத்துவிட வேண்டும் என்றார்.

"எந்த விரல?"

"அந்த ரெண்டாவது விரல்தாங்கம்மா."

"அது மெட்டி போடுற விரலு."

"தெரியும்மா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் சொல்றீங்களா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுவே எனக்கு எரிச்சல். "இப்ப விரல எடுத்தா கால் நிக்கும். விரல் இருக்கட்டும்னு விட்டா அது பக்கத்து எலும்பையும் அழுக வச்சிரும். அப்புறம் நான் எங்க வெட்டுவேன்னு எனக்கே சொல்லத் தெரியாது" என்றார்.

என் வீட்டுக்காரர் மெதுவாக, "மெட்டிதானே விஜயா, அடுத்த விரல்ல போட்டுக்கலாம்" என்றார்.

"ஒங்களுக்கென்ன, ஒங்க விரலா போவுது?"

எழுந்து வந்துவிட்டேன். மெட்டி ஒரு சாக்கு. உண்மையில் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், அதற்கு வேறு வழி தெரியாது. விரலில் ஆரம்பித்தால் பாதம், பாதத்தில் ஆரம்பித்தால் முட்டி என்று போன ஒருவரை எங்கள் மில்லுக்கு வரும் சனத்திலேயே பார்த்திருக்கிறேன். வெட்டவே விடாமலிருந்தால் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது என்பது என் கணக்கு. இந்தக் கணக்கை நீங்களும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கணக்கு தப்பு.

வாரங்கள் போயின. வீட்டில் ஊதுபத்தி அதிகமானது. புரட்டாசி பிறக்கிறதே, பெருமாளுக்கு ஏற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை சாமி கும்பிடச் சொன்னால் பேப்பர் படிக்கிற மனுஷன் திடீரென்று பக்திமான் ஆனதில் எனக்கு ஆச்சரியம்தான்.

ஆர்க்கிட்டின் இலைகள் மஞ்சளாகிச் சுருங்கின. நான் தண்ணீரைக் கூட்டினேன். இன்னும் சுருங்கின. ஒருநாள் சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தபோது செடியைக் காட்டினேன்.

"அம்மா! எதுல நட்டு வச்சிருக்க? களிமண்ணுலயா?"

"களிமண் இல்லடி, வண்டலு. ஒங்க மாமா கொண்டாந்தது."

"அது மரத்துல ஒட்டிக்கிட்டு காத்துல வேர் விடுற செடிம்மா. அதுக்கு வேர்ல காத்துப் படணும். மூச்சு முட்டிச் சாவுது அது. ஒடனே தொட்டியக் கவுத்துக் காமி."

பழைய பேப்பரை விரித்துக் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டு ஜொஹரா அப்போதுதான் மதில் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி ஒரு பக்கமும் மண்கட்டி ஒரு பக்கமுமாக விழுந்தது. வாடை முகத்தில் அறைந்தது.

"சீ, என்னங்க இது நாத்தம்!" என்று மூக்கைப் பொத்தினேன். அப்புறம் கையை எடுத்தேன். தெரிந்த வாடை. "இந்த நாத்தம் நம்ம வீட்டுல ஏற்கெனவே இருக்கே?"

என் வீட்டுக்காரர் ஊதுபத்திக் கட்டைப் பார்த்தார். ஜொஹரா மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டாள்.

"சொல்லுங்க. எங்கேருந்து வருது?"

"ஒன் காலுதான் விஜயா."

"எத்தன நாளா?"

"ஊதுபத்தி வாங்க ஆரமிச்சதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவ."

கத்தினேன். ஆனால் வழக்கமான அளவு வரவில்லை. மதிலுக்குப் பின்னாலிருந்து ஜொஹராவின் குரல் மட்டும் வந்தது. "அக்கா, கோச்சுக்காதீங்க, எங்க வீடு வரைக்கும் வருது. நான் அல்லாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் பாதி வேலையில் எழுகிற பழக்கம் எனக்கில்லை. கத்தரிக்கோலை அடுப்பில் காட்டிச் சுட்டு, ஆறவைத்து, வேரை வெட்ட உட்கார்ந்தேன். கறுத்த வேரை விரலால் அமுக்கினால் கூழாக வழிந்து உள்ளே நூல்மாதிரி ஒன்று மட்டும் நின்றது. அதெல்லாம் செத்தது. அமுக்கினால் கெட்டியாக இருப்பது உயிருள்ளது. வெட்டிக்கொண்டே போனேன். கடைசியில் கோழிக்கால் மாதிரி மூன்று நாலு வேர்தான் மிச்சம். பாதி கறுத்து பாதி நன்றாக இருந்த ஒன்றை மட்டும் மனசு கேட்காமல் விட்டேன்.

"அதையும் வெட்டும்மா," என்றாள் மகள் போனுக்குள்ளிருந்து. "விட்டா பக்கத்துல உள்ளதையும் அழுக வச்சிரும்."

டாக்டரம்மா பேசிய அதே வாக்கியம். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்திருப்பார்களோ என்றுகூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். எழுத்துச் சுவைக்காக நான் இதைச் சேர்த்து எழுதவில்லை. நடந்தது இதுதான். அந்த வேரையும் வெட்டினேன்.

வெட்டிய வாயில் பட்டைத் தூள் வைக்க வேண்டுமாம், பூஞ்சை பிடிக்காமலிருக்க. பட்டை என் வீட்டில் இல்லை. ஜொஹரா கைநிறைய இடித்துக்கொண்டு வந்தாள். "பிரியாணிக்குப் போடுறத இதுக்குப் போடுறீங்களே, செடி நல்லாத்தான் மணக்குது" என்றாள். கொட்டிய கரித்துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி, அரிசி களைகிற ஓட்டைக் கூடையில் போட்டு, செடியைச் செருகி வைத்தேன். நட்டதுபோலவே இல்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

கையைக் கழுவிவிட்டு, "ஆட்டோவக் கூப்புடுங்க" என்றேன்.

விரல் போனது. அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதுகில் ஊசி, ஒரு பச்சைத் துணி மறைப்பு, அந்தப் பக்கம் என்னென்னவோ சத்தம். மாவு மில்லைவிடக் குறைவு.

பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, "மெட்டி விரலே போச்சே, அண்ணனுக்கு ஆவாதே" என்று கண்ணைத் துடைத்தாள். "அவருக்கு ஒண்ணும் ஆவல, கேண்டீன்ல வடை திங்கிறாரு. விரல் போனது எனக்கு" என்றேன். அவள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சர்க்கரைக்காரிக்கு ஆரஞ்சு.

ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். இருந்தபோது ஒரு வார்த்தை பேசாத விரல், போன பிறகு அரித்தது. சொறியப் போனால் கட்டுதான் இருக்கும். இல்லாத உறுப்பு இருப்பதுபோலத் தோன்றுவது பலருக்கும் வரும் என்றார் டாக்டரம்மா. வந்தால் பயப்படாதீர்கள். பேய் இல்லை. நான் அதைத் திட்டினேன். "இத்தனை நாளா எங்கடி போயிருந்த?" என்று. கொஞ்ச நாளில் அடங்கியது.

மறுபடி கட்டிலும் ஜன்னலும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இந்த முறை நான் காலை ஊன்றவில்லை. ஜன்னலோரம் கூடையில் அந்தச் செடி, எதிரே நீட்டிய காலோடு நான். இரண்டு பேருக்கும் ஒரே உத்தரவு. யாரும் எதுவும் செய்யக் கூடாது.

"புண்ணு உள்ளேருந்து மேல வளந்து மூடணும்மா," என்றார் டாக்டரம்மா. "நீங்க ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் வைத்தியம்."

"எத்தன நாளைக்கு?"

"அது புண்ணுக்குத்தான் தெரியும்."

வீட்டில் ஆர்க்கிட் வைத்திருக்கிறேன் என்று ஒருநாள் கட்டு மாற்றும்போது சொன்னேன். முதல்முறையாக அந்தப் பெண் முகத்தில் டாக்டர் போய் ஆள் வந்தாள். "நான் மூணு வாங்கினேம்மா. மூணையும் கொன்னுட்டேன். மனுசங்களத்தான் என்னால காப்பாத்த முடியுது."

வேர் வெள்ளி நிறமாக வெளுத்தால்தான் தண்ணீர். பச்சையாக இருந்தால் தொடக் கூடாது. வெளியே ஊரே மழையில் மிதக்கிறது, நான் ஒரு வேர் வெளுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீருக்காகச் சாலை மறித்தவள், ஒரு செடிக்குத் தண்ணீர் காட்டாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று விழிதியூர்க்காரர்களுக்குத்தான் புரியும். செல்வம் வந்து பார்த்துவிட்டு, "பாவம்க்கா, ஒரு வாய் ஊத்து" என்று கெஞ்சினான். கையில் இருந்த சொம்பைப் பிடுங்கிக்கொண்டேன்.

முன்பக்கம் மில்லை என் வீட்டுக்காரர் நடத்தினார். ஒரு வாரம் தெருவில் பாதிப் பேர் காரமான கேழ்வரகுக் கஞ்சி குடித்தார்கள். கட்டிலிலிருந்து கத்தினால் மில் சத்தத்தில் கேட்காது. அவர் ஏன் நாள் முழுக்க மோட்டாரை அணைக்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

மார்கழிக் குளிர் வந்தது. எங்கள் ஊர்க் குளிர் என்ன குளிர், போர்வையைக் காலடியில் வைத்துக்கொள்கிற குளிர். கொஞ்சம் குளிர் பட்டால்தான் அந்தச் செடி விழித்துக்கொள்ளுமாம், அதற்கு இதுவே போதுமாக இருந்தது. தை பிறந்த பிறகு அடி இலையின் இடுக்கில் பச்சையாக ஒரு முனை தெரிந்தது.

"வேரு," என்றார் என் வீட்டுக்காரர்.

"பூத்தண்டு," என்றாள் ஜொஹரா. "வேரு இப்படி மூக்கத் தூக்கிக்கிட்டு வராது. பாருங்க, அக்கா மாதிரியே இருக்கு."

ஜொஹரா சொன்னதே சரி. தண்டு வளர்ந்தது. அதே மாதம் கட்டைப் பிரித்த டாக்டரம்மா, "மூடிருச்சும்மா" என்றார். இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு. மெத்தென்ற அடியோடு ஒரு தனிச் செருப்பு எழுதிக் கொடுத்தார். வெறுங்காலோடு நிற்கக் கூடாது, வீட்டுக்குள்ளும். ஓடக் கூடாது, எதற்கும். தினமும் காலையில் கண்ணாடி வைத்து உள்ளங்கால் பார்க்க வேண்டும். மெட்டி கூடாது, அடுத்த விரலிலும்.

மெட்டி இரண்டும் பீரோவில் கிடந்தன. தண்டு நீண்டு சாய ஆரம்பித்தபோது ஒரு குச்சியை நட்டேன். தண்டையும் குச்சியையும் சேர்த்துப் பிடிக்க ஏதாவது வேண்டும். நூல் கட்டினால் வெட்டும். வலது கால் மெட்டியை எடுத்து, வாயைக் கொஞ்சம் விரித்து மாட்டினேன். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. தண்டின் நுனியில் மொட்டுகள் பட்டாணி பட்டாணியாக வந்துவிட்டன.

இப்போது ஆடு.

ஜொஹராவின் மகன் குவைத்தில் இருக்கிறான். பக்ரீத் குர்பானிக்கு நல்ல ஆடாக வேண்டும் என்று முன்கூட்டியே குட்டியாக வாங்கி வளர்க்கச் சொல்லியிருந்தான். அதற்கு சுல்தான் என்று பெயர். பலாத்தழை, புண்ணாக்கு, ஊறவைத்த கடலை என்று அது தின்ற தீனியை என் வீட்டுக்காரர் ஏக்கத்தோடு பார்ப்பார். மாசி மாதம் ஒரு காலை, வெளிச்சம் படட்டும் என்று கூடையைக் கொல்லைப்புற மதில் மேல் வைத்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சுல்தான் முன்னங்கால் இரண்டையும் மதிலில் ஊன்றி எழுந்து, என் பூத்தண்டை வாயில் வாங்குகிறது.

ஓடினேன்.

செருப்பு கட்டிலடியில் இருந்தது. வெறுங்காலோடு கூடம், சமையலறை, கொல்லைப்படி, செங்கல் தரை என்று ஓடினேன். "ஏய் சுல்தான்! விடுடா!" என்று கத்தினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது. மொட்டெல்லாம் உள்ளே போய்விட்டன. வாயோரத்தில் மெட்டி ஒருமுறை மின்னியது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

ஜொஹரா ஓடிவந்து ஆட்டின் வாயைப் பிளந்தாள். ஒன்றுமில்லை. நான் செங்கல் தரையில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து மாவு முகத்தோடு வந்தார். ஆட்டைப் பார்க்கவில்லை, பூவைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க விஜயா?"

உட்காரவைத்து கண்ணாடியைக் கீழே பிடித்தார். மூன்றாம் விரலுக்கு அடியில் தோல் கிளம்பி நீர் கோத்திருந்தது. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அது வந்ததையும் கண்ணாடிதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆட்டோவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் அதிகம் பயந்தார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனேன். ஒரு பூவுக்காகக் காலைக் கொடுத்த பைத்தியக்காரி என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். சொல்கிறவர்கள் முன்னால் நிற்க ஒரு கால் வேண்டுமே.

டாக்டரம்மா நீண்ட நேரம் பார்த்தார். "தழும்பு பிரியல. பக்கத்துல கொப்புளம். எலும்பு வரைக்கும் போகல. ஒடனே பாத்துட்டீங்க, அதனால பொழச்சீங்க." பிறகு கேட்டார், "எதுக்கு ஓடுனீங்க?"

"ஆடு பூவத் தின்னுட்டுது."

அவர் சிரிக்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டார். "தண்டு அடியில மிச்சம் இருக்கா?"

"ஒரு சாண் இருக்கு."

"கணு இருந்தா வெட்டிப் போட்றாதீங்க. கணுவுலேருந்து மறுபடி வரும். என்னோடது ஒண்ணு அப்படித் துளிர்த்துச்சு. அப்புறம்தான் கொன்னேன்."

மறுபடி கட்டில். மறுபடி எதுவும் செய்யாத வைத்தியம். இந்த முறை எனக்குப் பழகியிருந்தது.

மெட்டி வரும் என்று ஜொஹரா தினமும் புழுக்கையைக் குச்சியால் கிளறினாள். வரவில்லை. அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டது. குர்பானி ஆடு குறை இல்லாததாக இருக்க வேண்டும். வயிற்றில் அடுத்த வீட்டுக்காரியின் மெட்டி இருந்தால் அது குறையா? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள்விட்டுக் கேட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"கண்ணு நல்லாருக்கா, காது நல்லாருக்கா, நொண்டாம நடக்குதான்னு கேட்டாராம். எல்லாம் சரியா இருந்தா குறையில்லேன்னுட்டாரு. அக்கா, அந்தக் கணக்குல பாத்தா ஒங்களவிட எங்க சுல்தான் தேவல."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் மில் படியை மிதித்திருக்க முடியாது. நான் சிரித்தேன். கட்டில் ஆடும் அளவுக்குச் சிரித்தேன்.

பங்குனியில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. அதே சமயம், கடித்த தண்டின் அடிக் கணுவிலிருந்து பச்சையாக ஒரு பொட்டு கிளம்பியது. அது பக்கக் கிளையாகி, வைகாசி வெயிலில் பூத்தது. முன்பு வந்த மாதிரி வரிசை இல்லை. நாலே பூ, அளவும் சிறியது. செல்வம் வந்து பார்த்து, "மண்ணு இருந்தா இன்னும் பெருசா வந்துருக்கும்" என்றான்.

பக்ரீத் அன்று மதியம் ஜொஹரா புதுச் சேலையோடு இரண்டு தட்டு கொண்டுவந்தாள். ஒன்றில் எங்கள் பங்குக் கறி. இன்னொன்றில் ஒரு வெள்ளைத் துணி, அதன் மேல் மெட்டி. இரைப்பையில் ஒரு மூலையில் கிடந்ததாம். சோப்பு, எலுமிச்சை, வெந்நீர் என்று எல்லாவற்றிலும் கழுவியிருந்தாள். கறுத்திருந்தாலும் வடிவம் கெடவில்லை. சுல்தான் ஞாபகம் வந்து கறித் தட்டை ஒரு மூடி போட்டு மூடினேன். என் பூவைத் தின்ற பயல்தான். இருந்தாலும்.

நடப்பது இப்போது எனக்குப் பார்க்கிற வேலை. எல்லோரும் காலால் தரையைத் தெரிந்துகொள்கிறார்கள், நான் கண்ணால் தெரிந்துகொள்கிறேன். தினமும் காலையில் வேர் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியை எடுத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். வேர் பச்சையாக இருந்தால் தண்ணீர் நாளைக்கு. கால் சிவப்பாக இருந்தால் ஆஸ்பத்திரி இன்றைக்கே. நாட்கள் எனக்கு இந்த இரண்டு நிறத்தில்தான் வருகின்றன. அவசரம் போய்விட்டது. கோபம் போகவில்லை, அதைப் போகச் சொல்லி எந்த டாக்டரும் எழுதித் தரவுமில்லை.

பக்ரீத் அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் மெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா கூடாதுன்னாங்க," என்றேன்.

"பூத்தண்டுலதான் மாட்டப்போறேன். அதுக்கு முன்னால இந்த அடுத்த விரல்ல ஒரே ஒரு தரம் போட்டுப் பாத்துக்கறேன்."

சரி என்று காலைக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரத்து நாலு பூவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் குனிந்தபடியே இருந்தார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது, இந்த வயதில்.

"போட்டாச்சா?" என்றேன்.

"போட்டு, கழட்டியும் ஆச்சு விஜயா."